வாசலில் இருந்து வாசல் வரை: எல்லை ஊரின் விமானக் கணக்கு

கோவை விமான நிலையத்தில் இருந்து ஷார்ஜா விமான நிலையத்துக்கு வான்வழித் தூரம் சுமார் 2,770 கிலோமீட்டர். பறக்கும் நேரம் நான்கு மணி. கைபேசியைத் தட்டினால் நொடியில் வந்துவிடுகிற இந்த இரண்டு எண்களும் சரியானவைதான். ஆனால் வேலந்தாவளத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புகிற ஒருவர் ஷார்ஜாவில் தன் அறைக் கதவைத் திறக்கும்போது பத்து மணி நேரம் கழிந்திருக்கும். நடுவில் காணாமல் போன அந்த ஆறு மணி நேரத்தைத்தான் இந்த அத்தியாயம் தேடுகிறது. பயணத்தில் பணமும் தூக்கமும் கரைவது பெரும்பாலும் வானத்தில் அல்ல, தரையில்.

வேலந்தாவளம் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தில், வடகரப்பதி ஊராட்சியில் உள்ள எல்லை ஊர். செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோவை மாவட்டம். ஆட்சி கேரளத்துடையது, வீட்டில் பேசுவது பெரும்பாலும் தமிழ். சுற்றிலும் தென்னந்தோப்புகள். கேரளத்தின் பல மாவட்டக் கள்ளுக்கடைகளுக்குக் கள் போவதே இந்தச் சித்தூர் வட்டாரத்தில் இருந்துதான். ஆஸ்பத்திரி, கல்லூரி, நகைக்கடை என்று எதற்கும் கோவைப் பக்கம் பஸ் ஏறுகிற ஊர், விமானம் என்று வந்தால் மட்டும் யோசிக்கத் தொடங்குகிறது. வடகிழக்கே கோவை, தென்மேற்கே கொச்சி, வடமேற்கே கோழிக்கோட்டுக் கரிப்பூர் என்று மூன்று வாசல்கள் திறந்திருக்கின்றன. எந்த வாசல் யாருக்கு என்பதைச் சொல்லும் முன் தூரத்தையும் நேரத்தையும் தனித்தனியாகப் புரிந்துகொள்வது நல்லது.

தூரத்தைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம்

இரண்டு நகரங்களுக்கு இடையிலான வான்வழித் தூரத்தைக் கண்டுபிடிக்கக் காகிதமும் பேனாவும் போதும். எளிய உதாரணம் கோவையும் டெல்லியும். இரண்டு விமான நிலையங்களும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், 77 டிகிரியில் இருக்கின்றன. கோவை 11 டிகிரி வட அட்சம், டெல்லி 28.6 டிகிரி. வித்தியாசம் சுமார் 17.5 டிகிரி. ஒரு டிகிரி அட்சத்துக்கு 111 கிலோமீட்டர். பெருக்கினால் 1,943 வருகிறது. உண்மையான தூரமும் கிட்டத்தட்ட இதுவே. விமானிகள் இதையே கடல் மைலில் சொல்வார்கள். ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல், ஒரு கடல் மைலுக்கு 1.852 கிலோமீட்டர்.

ஷார்ஜாவுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை. வடக்கே 14.3 டிகிரி, மேற்கே 21.5 டிகிரி. பூமத்திய ரேகையை விட்டு விலக விலகத் தீர்க்கரேகைகள் நெருங்கி வருவதால், இந்த அட்சத்தில் கிழக்கு மேற்காக ஒரு டிகிரிக்கு 106 கிலோமீட்டர்தான். வடக்கே 1,587, மேற்கே 2,279. பத்தாம் வகுப்பில் படித்த பிதாகரஸ் இங்கே கைகொடுக்கிறார். இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி மூலம் எடுத்தால் 2,777. ஏழெட்டுக் கிலோமீட்டர்தான் பிசகு.

லண்டன், நியூயார்க் போன்ற தூரங்களுக்கு இந்த முறை ஒத்துவராது. பூமி உருண்டை, சுவரில் தொங்குகிற வரைபடம் தட்டை. தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு குறுக்குவழியாகத் தெரியும், அது உண்மையல்ல. பள்ளிக்கூடத்து உலக உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது எந்த வழியே போகிறதோ அதுதான் குறுகிய பாதை. 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் சான்பிரான்சிஸ்கோ–பெங்களூரு முதல் விமானத்தைக் கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே ஓட்டி வந்தார்கள். அது வட துருவத்துக்கு மேலே பறந்து வந்தது சாகசத்துக்காக அல்ல. ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர் இடைவெளி உள்ள அந்த இரண்டு நகரங்களுக்கு நடுவே நூலைப் பிடித்தால் அது துருவத்தை ஒட்டித்தான் ஓடுகிறது.

இந்த நூல் விஷயத்தில் கோவைக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. கோவையில் இருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு நூல் பிடித்தால் தூரம் சுமார் 8,190 கிலோமீட்டர், நூல் போவது வளைகுடாப் பக்கமாக. கோவை–அபுதாபி 2,800, அபுதாபி–லண்டன் 5,520, ஆக 8,320. சுற்று வெறும் 130 கிலோமீட்டர். டெல்லி வழியாகப் போனால் 8,700-ஐ நெருங்கும், சென்னை வழியாக 8,640. வளைகுடா வழி என்றாலே சுற்றுவழி என்று நினைப்பவர்கள் பலர். ஐரோப்பா போகிற தென்னிந்தியருக்கு அது கிட்டத்தட்ட நேர்வழி.

பறக்கிற நேரம்

எண்ணூறால் வகுத்து, முப்பத்தைந்து நிமிடம் கூட்டு. இந்த அத்தியாயத்தில் மனப்பாடம் செய்யவேண்டியது இது ஒன்றுதான். இண்டிகோவும் ஏர் அரேபியாவும் ஓட்டுகிற ஏர்பஸ் 320 வகை விமானங்கள் மேலே ஏறிய பிறகு மணிக்கு 830 கிலோமீட்டர் அளவில் போகும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு, ஓடுபாதை வரை உருண்டு போகிற நேரமும் உண்டு. அதற்குத்தான் அந்த முப்பத்தைந்து நிமிடம். ஷார்ஜாவுக்குப் போட்டால் நான்கு மணி. சிங்கப்பூர் 3,160 கிலோமீட்டர், நாலரை மணி. டெல்லி மூன்று மணி. சென்னை 405 கிலோமீட்டர்தான், ஆனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல். டிக்கெட்டில் போட்டிருக்கிற நேரங்களோடு ஒப்பிட்டால் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு மேல் விலகாது. போயிங் 777, 787 போன்ற பெரிய விமானங்கள் ஓடுகிற நெடுந்தூர வழிகளுக்கு எண்ணூற்றைம்பதால் வகுத்தால் சரியாக வரும். மாறாக, சிறு நகரங்களுக்குப் போகிற, வெளியே சுழலும் புரொப்பெல்லர் வைத்த ஏ.டி.ஆர் விமானத்தின் வேகம் மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர்தான்.

டிக்கெட்டில் அச்சாகிற நேரம் சக்கரம் தரையை விட்டுக் கிளம்புகிற நேரம் அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். விமானம் நிறுத்திடத்தில் இருந்து நகரத் தொடங்கும் நிமிடம் முதல், போய்ச் சேர்ந்த ஊரில் நிறுத்திடத்தில் நிற்கும் நிமிடம் வரை உள்ள கணக்கு அது. விமானக் கம்பெனிகள் அதில் கொஞ்சம் தாராளமும் சேர்த்துக்கொள்கின்றன. “முன்கூட்டியே வந்து சேர்ந்துவிட்டோம்” என்று அறிவித்துக் கைதட்டல் வாங்குவதன் ரகசியத்தில் பாதி அதுதான்.

மீதிப் பாதி காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடி மாதம் அடிக்கிற காற்றை வேலந்தாவளத்துக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் தரையில் மேற்கில் இருந்து வீசும் அதே பருவத்தில், தலைக்கு மேலே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கும் மேல் காற்று நேர் எதிராக, கிழக்கில் இருந்து மேற்கே ஓடுகிறது. இந்தக் கீழை வேகக்காற்றை 1950-களில் ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் இந்திய வானிலை விஞ்ஞானி பி. கோட்டீஸ்வரம். பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்புக்கும் வந்தவர். தென்மேற்குப் பருவத்தில் தென்னிந்தியாவில் இருந்து வளைகுடாவுக்குப் போகிற விமானத்துக்கு அந்தக் காற்றின் விளிம்பு முதுகில் தட்டிக்கொடுக்கும். குளிர்காலத்தில் வடக்கே மேலைக்காற்று வலுக்கும்போது திரும்பி வருகிற பயணம் சுருங்கும். சிறு தூரத்தில் இது பத்து, இருபது நிமிட விவகாரம்.

நெடுந்தூரத்தில் அப்படியல்ல. ஏர் இந்தியா டெல்லி–சான்பிரான்சிஸ்கோ சேவையை 2015 டிசம்பரில் தொடங்கியபோது அட்லாண்டிக் வழியாகச் சுமார் 13,900 கிலோமீட்டர் பறந்தது. 2016 அக்டோபரில் திசையைத் திருப்பி, பசிபிக் வழியாக 15,300 கிலோமீட்டர் பறக்கத் தொடங்கியது. தூரம் 1,400 கிலோமீட்டர் கூடியது. நேரம் ஏறக்குறைய இரண்டு மணி குறைந்தது. பின்காற்றுதான் காரணம். 2020 பிப்ரவரியில் ஒரு புயல் நாளில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் நியூயார்க்–லண்டன் விமானம் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாக, 4 மணி 56 நிமிடத்தில் போய் இறங்கியது. இரண்டு ஊர்களுக்கு நடுவே தூரம் ஒன்றுதான், நேரம் பல என்பதற்கு இவற்றைவிட நல்ல சாட்சி கிடையாது.

வானத்திலும் செக்போஸ்ட் உண்டு

எல்லை ஊரில் இருப்பவர்களுக்கு இது உடனே பிடிபடும். வானத்திலும் ஒவ்வொரு நாட்டுக்கும் வேலி உண்டு, அந்த நாடு கதவைச் சாத்தினால் சுற்றித்தான் போகவேண்டும். பாகிஸ்தான் 2019-இல் பிப்ரவரி முதல் ஜூலை வரை தன் வான்வெளியை மூடியது. 2025 ஏப்ரல் 24 அன்று இந்திய விமானங்களுக்கு மறுபடி மூடியது. டெல்லியில் இருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிற இந்திய விமானங்கள் சுற்றிப் போகவேண்டி வந்தது. அல்மாட்டி, தாஷ்கண்ட் சேவைகளை இண்டிகோ நிறுத்தியே விட்டது. கோவை, கொச்சியில் இருந்து வளைகுடா போகிறவர்களுக்கு இதனால் பெரிய பாதிப்பு இல்லை, அவர்கள் வழி அரபிக்கடல். அவர்களுக்கான அதிர்ச்சி அதே ஆண்டு ஜூன் 23 இரவு வந்தது. கத்தார் மீதான ஈரானின் ஏவுகணைத் தாக்குதலையொட்டிக் கத்தார் வான்வெளி மூடப்பட்டது. வளைகுடாவுக்குப் பறந்துகொண்டிருந்த பல விமானங்கள் பாதி வழியில் திரும்பின.

இது புதிதும் அல்ல. 1929-இல் லண்டனில் இருந்து கராச்சிக்கு இம்பீரியல் ஏர்வேஸ் தொடங்கிய சேவைக்கு ஏழு நாள் பிடித்தது. பாரசீகம் தன் கடற்கரை வழியே பறக்க இடம் தர மறுத்ததால், 1932-இல் அந்த விமானங்கள் வளைகுடாவின் எதிர்க்கரைக்கு மாறின. அதற்காக மணலில் ஓர் இறங்குதளமும் பயணிகள் தங்கக் கோட்டை போன்ற ஒரு விடுதியும் கட்டினார்கள். அந்த இடம் ஷார்ஜா. அல் மஹட்டா என்ற அந்தக் கட்டடம் இன்று அருங்காட்சியகம். ஒரு நாடு கதவைச் சாத்தியதால் வான்வழியில் இடம்பிடித்த ஊருக்குத்தான் இன்று கோவையில் இருந்து நேரடி விமானம் போகிறது.

டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் படிப்பது

முதல் முறை வெளிநாடு போகிறவரை அதிகம் குழப்புவது இதுதான். அதிகாலை 4 மணிக்குக் கோவையில் கிளம்பி 6.40-க்கு ஷார்ஜாவில் இறங்குவதாக ஒரு டிக்கெட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டே முக்கால் மணிகூட ஆகவில்லையே என்று தோன்றும். திரும்பும்போது இரவு 9.30-க்குக் கிளம்பி 2.50-க்குக் கோவை. இப்போது ஐந்தே கால் மணிக்கும் மேல். இரண்டுமே அந்தந்த ஊர்க் கடிகாரத்தின்படி அச்சானவை. அமீரகக் கடிகாரம் இந்தியாவைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது.

நேர வித்தியாசம் எதுவும் தெரியாமலே இதை அவிழ்க்க ஒரு வழி இருக்கிறது. போகும்போது தெரிகிற நேரத்தையும் வரும்போது தெரிகிற நேரத்தையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். 2.40-உம் 5.20-உம் சேர்ந்தால் எட்டு மணி, பாதி நான்கு மணி. ஒரு பக்கம் கழிந்தது மறுபக்கம் கூடுவதால் கடிகார வித்தியாசம் தானே அடிபட்டுப் போகும். இரண்டு நேரங்களுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை எடுத்தால், அந்த நாட்டுக் கடிகாரம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதும் ஏறக்குறைய கிடைக்கும். காற்றின் உபயத்தால் சில நிமிடம் முன்பின் இருக்கலாம்.

அமீரகமும் ஓமனும் ஒன்றரை மணி பின்னால். சவூதி, கத்தார், குவைத், பஹ்ரைன் இரண்டரை மணி பின்னால். சிங்கப்பூரும் மலேசியாவும் இரண்டரை மணி முன்னால். இந்த நாடுகளில் ஆண்டு முழுக்க இதில் மாற்றம் இல்லை. பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி பின்னால், மற்ற மாதங்களில் ஐந்தரை. அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரம் மாறும் நாட்கள். அந்த வாரங்களில் பயணம் வைத்திருப்பவர் இணைப்பு விமானத்தின் நேரத்தை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்வது அவசியம்.

வளைகுடா விமானங்கள் பலவும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே கிளம்புகின்றன. இதனால் வருகிற தேதிக் குழப்பம் எல்லாவற்றையும்விட விலை கூடியது. “ஆகஸ்ட் 10, 01.30” என்று டிக்கெட்டில் இருந்தால், வீட்டில் இருந்து கிளம்ப வேண்டியது ஆகஸ்ட் 9 மாலை. பத்தாம் தேதி சாப்பிட்டுவிட்டு இரவில் கிளம்பலாம் என்று இருந்துவிட்டால், விமானம் போய் இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஊரில் சொல்லும்போது “ஒன்பதாம் தேதி ராத்திரி” என்றே சொல்லிப் பழகுவது பாதுகாப்பு. வண்டிக்குச் சொல்லிவைக்கும்போதும் அப்படித்தான்.

கோவையா, கொச்சியா?

இப்போது தரைக்கு வருவோம். வேலந்தாவளத்தில் இருந்து கோவை விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் முப்பது கிலோமீட்டர் அளவுதான். சாலையில் சுமார் நாற்பது. பிச்சனூர், க.க. சாவடி வழியாகத் தேசிய நெடுஞ்சாலை 544-இல் ஏறி மதுக்கரை வந்தால் அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. நேரே போனால் உக்கடம், அங்கிருந்து அவிநாசி சாலை. 2025 அக்டோபரில் உப்பிலிபாளையத்தில் இருந்து கோல்டுவின்ஸ் வரை 10 கிலோமீட்டருக்குத் திறக்கப்பட்ட ஜி.டி. நாயுடு மேம்பாலம் இந்த வழியின் பழைய தலைவலியைப் பெருமளவு தீர்த்திருக்கிறது. மற்றொரு வழி மதுக்கரையில் வலப்பக்கம் திரும்பி, எல் அண்ட் டி பைபாஸில் நீலம்பூர் வரை போய், அவிநாசி சாலையில் சின்னியம்பாளையம் வழியாகத் திரும்பி வருவது. பத்துக் கிலோமீட்டர் கூடுதல், நகர நெரிசல் கிடையாது. ஆனால் அது இருவழிச் சாலை, சரக்கு லாரிகள் நிறைந்தது. இரவில் நகர வழி, காலை பத்து மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பைபாஸ் என்பது நியாயமான தேர்வு. எதுவானாலும் பகலில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

லக்கேஜ் குறைவாக உள்ளவர் உக்கடம் பஸ்ஸில் போய் மாறலாம். ராத்திரி விமானத்துக்கு டாக்சிதான். இங்கே எல்லை ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. கேரளப் பதிவு வாடகை வண்டி தமிழ்நாட்டுக்குள் நுழைய அனுமதியும் வரியும் வேண்டும், எதிர்ப்பக்கமும் அப்படியே. வண்டி பேசும்போதே பெர்மிட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டால் நடுராத்திரி செக்போஸ்ட்டில் விமான நேரத்தைச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்காது. 2020 ஊரடங்கில் இதே எல்லையில் இ-பாஸ் இல்லாமல் நின்றவர்களுக்கு நாற்பது கிலோமீட்டர் எவ்வளவு நீளமானது என்று தெரியும்.

கொச்சி விமான நிலையம் நெடும்பாசேரியில் இருக்கிறது, இங்கிருந்து சாலையில் சுமார் 140 கிலோமீட்டர். 2021 ஜூலை 31-இல் குதிரான் சுரங்கப்பாதையின் முதல் குழாய் திறந்த பிறகு மலையேற்ற நெரிசல் போய்விட்டது. ஆனால் திருச்சூருக்குத் தெற்கே அடிப்பாதை வேலைகள் நடந்த இடங்களில் வண்டிகள் தேங்கின. 2025 ஆகஸ்டில் கேரள உயர்நீதிமன்றம் பாலியேக்கரை சுங்கச்சாவடியில் கட்டணம் வசூலிப்பதையே நிறுத்திவைத்தது என்றால் நெரிசலின் அளவைப் புரிந்துகொள்ளலாம். மூன்றரை மணி நேரம் என்று கணக்கு வைத்து, அதற்கு மேல் ஒரு மணி நேரம் கையிருப்பு வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். சாலையை நம்பாதவர்களுக்குப் பாலக்காடு சந்திப்பில் இருந்து ஆலுவாவுக்கு ரயில் இருக்கிறது. இரண்டு, இரண்டரை மணி நேரப் பயணம். ஆலுவாவில் இறங்கினால் விமான நிலையம் பன்னிரண்டு கிலோமீட்டர் அளவுதான்.

ஷார்ஜா போகிறவருக்கு இரண்டு கணக்கையும் போட்டுப் பார்ப்போம். கோவையில் 4 மணி விமானம் என்றால் இரவு 11.30-க்குக் கிளம்பலாம். ஒரு மணிக்கு முன்பே விமான நிலையம். இமிக்ரேஷன், பாதுகாப்புச் சோதனை முடித்து, நம் கடிகாரப்படி எட்டு மணிக்கு இறங்கி, அங்கே வரிசையில் நின்று பெட்டியை எடுத்துக்கொண்டு அறைக்குப் போக ஒன்றரை மணி. மொத்தம் பத்து. கொச்சியில் அதே 4 மணி விமானத்துக்கு இரவு 8.30, 9 மணிக்கே வீட்டை விட்டு இறங்க வேண்டும். மொத்தம் பன்னிரண்டரை மணிக்கு மேல். கோவையில் இருந்தும் கொச்சியில் இருந்தும் அமீரகத்துக்கு வான்வழித் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் முழுக்க நெடுஞ்சாலையில் இருக்கிறது.

அப்படியிருந்தும் இந்த வட்டாரத்தில் பலர் கொச்சிக்குத்தான் போகிறார்கள், அதற்குக் காரணமும் உண்டு. கோவை 2012-இல்தான் சர்வதேச விமான நிலையத் தகுதி பெற்றது. ஓடுபாதை 2,990 மீட்டர், கடல்மட்டத்தில் இருந்து நானூறு மீட்டர் உயரம். ஓடுபாதை நீட்டிப்பு பல்லாண்டுக் கோரிக்கை. நேரடி வெளிநாட்டுச் சேவை என்றால் ஷார்ஜா, சிங்கப்பூர், 2024 ஆகஸ்டில் இண்டிகோ தொடங்கிய அபுதாபி என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். 1999-இல் திறந்த கொச்சிக்கு 3,400 மீட்டர் ஓடுபாதை, பெரிய விமானங்கள் வந்து போகும். தோஹா, ரியாத், ஜித்தா, குவைத், மஸ்கட் எல்லாவற்றுக்கும் நேரே ஏறலாம். தோஹாவுக்குக் கொச்சியில் இருந்து சுமார் 3,120 கிலோமீட்டர், நாலரை மணி. அதையே கோவையில் இருந்து வேறொரு நகரத்தில் மாறிப் போனால், சாலையில் மிச்சமாகிற இரண்டரை மணி நேரத்தை இணைப்பு விமானத்துக்கான காத்திருப்பு விழுங்கிவிடும்.

கரிப்பூரும் சாலையில் அதே 140 கிலோமீட்டர் அளவுதான். மேட்டு ஓடுபாதை; 2020 ஆகஸ்ட் 7 விபத்துக்குப் பிறகு பெரிய விமானங்கள் அங்கே நிறுத்தப்பட்டன. சவூதி போகிறவருக்கு நல்ல நேரமும் நல்ல விலையும் அமைந்தால் ஒழிய வேலந்தாவளத்துக்காரர் அதைத் தேட வேண்டிய தேவை குறைவு.

மழைக்காலத்தில் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. 2018 வெள்ளத்தில் ஆகஸ்ட் 15 முதல் 29 வரை நெடும்பாசேரி மூடிக்கிடந்தது. கடற்படைத் தளத்தில் சிறிய ஏ.டி.ஆர் விமானங்களை இறக்கிச் சமாளித்தார்கள். 2019 ஆகஸ்டிலும் இரண்டு நாள் மூடினார்கள். பெரியாறு பொங்குகிறது என்று செய்தி வந்தால், சாலையில் இறங்கும் முன் விமானக் கம்பெனிக்குப் போன் போட்டுவிட வேண்டும்.

நடுவில் மாறுகிறவர்கள்

நேரடி விமானம் என்பது நிரந்தரச் சொத்து அல்ல. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ஏர் இந்தியாவின் கொச்சி–லண்டன் நேரடிச் சேவை 2025 மார்ச்சோடு நின்றது. அதனால் லண்டன் படிக்கப் போகிற பிள்ளைகள் எங்காவது ஓரிடத்தில் மாறித்தான் ஆகவேண்டும். அங்கே தூரத்தைவிட முக்கியம், முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கிறதா என்பது. ஒரே பதிவு எண் என்றால், முதல் விமானம் தாமதித்து இரண்டாவது தவறினால் அடுத்ததில் ஏற்றிவிடுவது கம்பெனியின் பொறுப்பு. பெட்டியும் பொதுவாகக் கடைசி ஊருக்கே போய்விடும். இரண்டு தனி டிக்கெட் வாங்கி நாலாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்தவர், முதல் விமானம் இரண்டு மணி நேரம் தாமதித்தால் புது டிக்கெட்டுக்குப் பத்து மடங்கு கொடுக்க நேரும்.

ஒரே ஊரில் மாறுவதாக இருந்தாலும் ஒரே கட்டடம் என்று நினைத்துவிடக் கூடாது. பெங்களூருவில் 2023 செப்டம்பரில் இருந்து வெளிநாட்டு விமானங்கள் இரண்டாம் முனையத்தில். கோவையில் இருந்து போகிற இண்டிகோ முதல் முனையத்தில் இறக்கிவிட்டால், பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் மாற வேண்டும். உள்நாட்டில் இருந்து வெளிநாட்டு விமானத்துக்கு மாற நான்கு மணி நேரம் இடைவெளி வைப்பது கோழைத்தனம் அல்ல. வெளிநாட்டு விமானங்களின் கவுண்டர் பொதுவாகக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். டிசம்பர், ஜனவரியில் டெல்லி வழி டிக்கெட் எடுப்பவர் மூடுபனித் தாமதத்தையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

சென்னை என்றால் கணக்கே வேறு. விமானம் பறப்பது ஒரு மணிச் சொச்சம்தான். ஆனால் வேலந்தாவளத்தில் இருந்து விமான நிலையம் ஒன்றரை மணி, அங்கே இரண்டு மணி, மீனம்பாக்கத்தில் இருந்து நகருக்குள் ஒரு மணி என்று ஐந்தரையைத் தாண்டிவிடும். 2023 ஏப்ரல் 8 முதல் ஓடுகிற வந்தே பாரத், கோவை சந்திப்பில் இருந்து ஆறு மணி நேரத்துக்குள் சென்னை சென்ட்ரலில் விடுகிறது. வீட்டில் இருந்து ஸ்டேஷன் போகிற நேரத்தைச் சேர்த்தாலும் கூடுவது ஒன்றரை மணிதான். பெட்டியை எடை போட ஆளில்லை, கால் நீட்டி உட்காரலாம், செலவும் குறைவு.

இடுக்கி எல்லையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையமும் இல்லை, ரயில் பாதையும் இல்லை. வண்டிப்பெரியாறு அருகே சத்திரத்தில் உள்ள 650 மீட்டர் ஓடுதளம் என்.சி.சி பயிற்சிக்கானது. மூணாறில் இருந்து கொச்சி விமான நிலையம் 110 கிலோமீட்டர்தான், மலைச்சாலையில் அது நான்கு மணி நேரம். குமுளிக்காரருக்குக் கொச்சியும் மதுரையும் ஏறக்குறைய சமதூரம். கம்பம், தேனி வழியாக இறங்கிவிட்டால் மதுரைச் சாலை சமவெளி, நேரத்தைக் கணிக்கலாம். கொழும்புக்கோ துபாய்க்கோ போகிறவர் முதலில் மதுரையைப் பார்ப்பது நல்லது.

வேலந்தாவளத்துக்கு முடிவு இப்படி வருகிறது. ஷார்ஜா, துபாய், அபுதாபி, சிங்கப்பூர் போகிறவருக்குக் கோவை. தோஹா, ரியாத், ஜித்தா, குவைத் போகிறவருக்குக் கொச்சி. லண்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் ஒரே டிக்கெட்டில் அபுதாபி வழியாகக் கோவை கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. கொச்சியில் டிக்கெட் மலிவாகத் தெரிந்தால், போக வர 280 கிலோமீட்டருக்கான டாக்சி வாடகையை அதோடு கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். விமானச் சேவைகள் ஆண்டுக்கு இருமுறை, மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் அட்டவணை மாறுபவை. அதனால் போன வருடம் பக்கத்து வீட்டுக்காரர் போன விமானம் இப்போதும் ஓடுகிறதா என்பதைப் பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.